பயிற்சியாளர் வெளியேறிய பிறகு அந்த அறையில் எவர் சொல் செல்லும்?

கேள்வி கேட்டவர் தான் ஆதரிக்கும் அணியின் பெயரைச் சொல்லவில்லை. மூன்று ஆண்டுகளில் நான்கு பயிற்சியாளர்கள் வந்து போய்விட்டார்கள் என்கிறார். ஒவ்வொருவரும் முதல் பத்திரிகையாளர் சந்திப்பில் உடைமாற்றும் அறையின் கலாச்சாரத்தை மாற்றிக்காட்டுவதாகச் சொன்னார்களாம்; ஒன்றும் மாறவில்லையாம். அப்படியானால் ஒரு தொழில்முறைக் கால்பந்து அணியில் அந்தக் கலாச்சாரத்தை உண்மையில் உருவாக்குவது யார், பயிற்சியாளரா, கேப்டனா, பணம் போடும் முதலாளியா என்று கேட்டிருக்கிறார். கேப்டனை மாற்றிவிட்டால் சரியாகிவிடுமா என்று ஒரு துணைக்கேள்வியும் உண்டு. பதவிகளின் பெயரை எடுத்துவிட்டுப் பார்த்தால், பயிற்சியாளர் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போன பிறகு உள்ளே இருக்கும் இருபத்தைந்து பேர் யாருடைய முகத்தைப் பார்த்து நடந்துகொள்கிறார்கள் என்றுதான் அவர் கேட்கிறார் என்று எடுத்துக்கொள்கிறேன்.

நான் விளையாட்டு பிசியோதெரபிஸ்ட். கொல்கத்தாவிலும் கோவாவிலும் தொழில்முறைக் கால்பந்து கிளப்புகளில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன். பயிற்சியாளர் அந்த அறைக்குள் வந்து போகிறவர். பிசியோ அங்கேயே கிடப்பவன். குப்புறப் படுத்திருக்கும் ஆட்டக்காரர் தொடைத் தசையைப் பிடித்துவிடும் இருபது நிமிடத்தில் பயிற்சியாளரிடம் சொல்லாததையெல்லாம் சொல்லிவிடுவார். இந்திய கிளப்புகளைப் பற்றி நான் சொல்வது இப்படிக் காதால் கேட்டும் கண்ணால் பார்த்தும் அறிந்தது. ஐரோப்பிய, அமெரிக்க அணிகளைப் பற்றிச் சொல்வது ஆட்டக்காரர்களும் பயிற்சியாளர்களும் பிற்பாடு வெளிப்படையாகச் சொன்னவற்றிலிருந்தும் விசாரணை அறிக்கையிலிருந்தும் எடுத்தது. இரண்டுக்கும் ஒரே எடை கொடுக்க வேண்டாம்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அன்றாடக் கலாச்சாரத்தை நடத்துவது நான்கைந்து மூத்த ஆட்டக்காரர்கள். அந்த நான்கைந்து பேர் யாராக இருக்க வேண்டும் என்பதை முடிவு செய்யும் அதிகாரம் கையில் இருந்தால் மட்டுமே பயிற்சியாளருக்கு அதில் பங்கு உண்டு. அந்த அதிகாரத்தைக் கொடுப்பதும் பிடுங்குவதும் முதலாளி. மூவரில் ஒருவரைத்தான் சொல்ல வேண்டும் என்றால் மூத்த ஆட்டக்காரர்களைச் சொல்வேன்.

கலாச்சாரம் என்றதும் சுவரில் எழுதிவைத்த வாசகங்களும் ஆட்டத்துக்கு முன் தோளோடு தோள் சேர்த்து நிற்கும் வட்டமும் நினைவுக்கு வரும். நான் பார்க்கும் இடம் வேறு. ஆட்டத்தன்று கணுக்காலுக்கு டேப் சுற்றுவோம். மேசை இரண்டுதான் இருக்கும், வரிசை நீளமாக இருக்கும். எந்த விதியும் எழுதப்படாத அந்த வரிசையைப் பார்த்தே அணி எப்படிப்பட்டது என்று ஓரளவு தெரிந்துகொள்ளலாம். ஒரு கிளப்பில் மூத்தவர்கள் மேசையில் படுத்து அரட்டை அடித்துக்கொண்டே இருப்பார்கள். பதினெட்டு வயதுப் பையன்கள் மூலையில் உட்கார்ந்து தாங்களே கோணல்மாணலாக டேப் சுற்றிக்கொண்டு மைதானத்துக்குப் போய்விடுவார்கள். யாரும் அவர்களை விரட்டியதில்லை. கேட்கக் கூடாது என்று அவர்களுக்கே தெரிந்திருந்தது. இன்னொரு கிளப்பில் தன் கடைசி சீசனில் இருந்த ஒரு தடுப்பாட்டக்காரர், தன் முறை வந்ததும் பின்னால் நின்ற பையனை முன்னே தள்ளிவிட்டு, "டாக்டர், இவனுக்கு முதல் மேட்ச், கை நடுங்குகிறது, இவனை முதலில் பாருங்கள்" என்றார். அடுத்த வாரத்திலிருந்து புதிதாக ஆடப்போகிறவர்களுக்கு முதல் இடம் என்பது அங்கே வழக்கமாகிவிட்டது. பயிற்சியாளருக்கு இது தெரியவே தெரியாது. முதல் கிளப்பின் பயிற்சியாளருக்கும் அங்கே நடந்தது தெரியாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

நேரக் கணக்கைப் பார்த்தாலே காரணம் புரியும். பயிற்சியாளர் அறைக்குள் பேசுவது ஆட்டத்துக்கு முன் சில நிமிடம், இடைவேளையின் 15 நிமிடத்தில் ஒரு பகுதி, முடிந்த பிறகு சில நிமிடம். பல பயிற்சியாளர்கள் மற்ற நேரத்தில் உள்ளே வருவதை வேண்டுமென்றே தவிர்ப்பார்கள். அது ஆட்டக்காரர்களின் இடம் என்ற மரியாதை. மீதி நேரமெல்லாம், பஸ், விடுதி, சாப்பாட்டு மேசை உட்பட, அவர்கள் தங்களுக்குள்தான் இருக்கிறார்கள். தாமதமாக வருபவனைப் பயிற்சியாளர் பத்து முறை கண்டித்தாலும் உறைக்காது. தான் மதிக்கும் மூத்தவர் ஒருமுறை கடிகாரத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டால் உறைக்கும்.

இதற்கு எனக்குத் தெரிந்ததில் மிகத் துலக்கமான கதை லண்டனின் ஆர்சனல் கிளப்புடையது. 1996 அக்டோபரில் பிரெஞ்சுப் பயிற்சியாளர் ஆர்சென் வெங்கர் வந்து, குடியையும் கண்ட தீனியையும் ஒழித்து, ஆங்கிலக் கால்பந்தையே மாற்றினார் என்பது எல்லோரும் சொல்லும் கதை. பொய்யில்லை. அவருடைய முதல் ஆட்டம் பிளாக்பர்னில், அக்டோபர் 12 அன்று. இயன் ரைட் இரண்டு கோல் அடிக்க 2-0 என்று வென்றார்கள். சாக்லேட்டுக்கு அவர் தடை போட்டிருந்ததால், பஸ்ஸின் பின்னிருக்கைகளிலிருந்து "எங்கள் மார்ஸ் பார் எங்களுக்கு வேண்டும்" என்று ஆட்டக்காரர்கள் பாட்டுப் பாடினார்கள் என்று வெங்கரே சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறார். ஆனால் அவர் வருவதற்கு முன்பே நடந்துவிட்ட ஒன்றை இந்தக் கதை விட்டுவிடுகிறது. கேப்டன் டோனி ஆடம்ஸ் அதே ஆண்டு ஆகஸ்டில் குடியை நிறுத்தினார். செப்டம்பரில், தான் ஒரு குடிநோயாளி என்று சக ஆட்டக்காரர்களிடமும் பத்திரிகைகளிடமும் சொன்னார். 21 வயதிலேயே, 1988 இல், கேப்டன் ஆனவர். 1990 டிசம்பரில் குடித்துவிட்டு கார் ஓட்டிய குற்றத்துக்குச் சிறைக்குப் போய் ஏறத்தாழ இரண்டு மாதம் இருந்துவிட்டு வந்தவர். செவ்வாய்க்கிழமை பயிற்சி முடிந்ததும் கூட்டமாகக் குடிக்கப் போகும் அந்த அணியின் வழக்கத்துக்கு நடுநாயகமாக இருந்தவரும் அவரே.

இப்போது ஒன்றைக் கவனியுங்கள். வெங்கருக்கு முன்பு 1986 முதல் 1995 வரை அங்கே இருந்த ஜார்ஜ் கிரஹாம் தளர்வான ஆள் இல்லை. கண்டிப்புக்குப் பெயர் போனவர். கோட்டு, டை, நேரம் எல்லாம் கறாராக இருக்கும். அவருடைய ஆட்சியிலேயே அந்தச் செவ்வாய்க்கிழமைக் குடி கொடிகட்டிப் பறந்தது. கண்டிப்பான பயிற்சியாளராலும் தொட முடியாத ஒன்றை, கேப்டன் தானாக விலகியபோது ஒரு பிரெஞ்சுக்காரரால் தொட முடிந்தது. ஆடம்ஸ் இன்னும் குடித்துக்கொண்டிருந்தால், வேகவைத்த கோழியையும் பச்சைக்காய்களையும் தட்டில் வைக்கும் அந்நியரை அந்த அறை எத்தனை மாதம் பொறுத்திருக்கும்? எனக்குச் சந்தேகம்தான். அதே சமயம், வெங்கர் வராமல் ஆடம்ஸ் மட்டும் திருந்தியிருந்தால் அது ஒரு தனிமனிதரின் மீட்சியாகவே நின்றுபோயிருக்கும். இரண்டும் ஒரே இலையுதிர்காலத்தில் நிகழ்ந்தன. 1998 இல் லீக் பட்டம், இங்கிலாந்தின் நாக் அவுட் போட்டியான எஃப்.ஏ. கோப்பை இரண்டையும் வென்றார்கள். லீகை உறுதிசெய்த எவர்ட்டன் ஆட்டத்தில் நான்காவது கோலை அடித்தவர் ஆடம்ஸ்.

பயிற்சியாளரே எல்லாம் என்று வாதிடுபவர்கள் உடனே அலெக்ஸ் ஃபெர்குசனைக் காட்டுவார்கள். காட்ட வேண்டிய ஆள்தான், ஆனால் அவர் என்ன செய்தார் என்பதைப் பார்க்க வேண்டும். 1986 நவம்பரில் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு வந்தபோது அங்கேயும் குடிதான் பிரச்சினை. பால் மெக்ராத், நார்மன் வைட்சைட் இருவரும் ரசிகர்களின் செல்லப்பிள்ளைகள்; இருவரையும் 1989 கோடையில் விற்றார். கேப்டன் பிரையன் ராப்சனும் குடிப்பவர்தான், ஆனால் பயிற்சியிலும் ஆட்டத்திலும் அவர் ஒருநாளும் குறை வைத்ததில்லை. அவரை வைத்துக்கொண்டார். இந்தத் தேர்வுதான் ஃபெர்குசனின் கலை என்பேன். குடி என்ற குற்றத்துக்கு எல்லோருக்கும் ஒரே தண்டனை என்று அவர் போகவில்லை; இளையவர்கள் யாரைப் பார்த்து வளர வேண்டும் என்று கணக்குப் போட்டார். 1992 நவம்பரில் எரிக் கான்டோனா வந்தார். பயிற்சி முடிந்து எல்லோரும் குளிக்கப் போன பிறகும் மைதானத்தில் தங்கி அவர் தனியாகப் பயிற்சி செய்வதைப் பார்த்து, பெக்கம், ஸ்கோல்ஸ், நெவில் போன்ற பையன்களும் தங்க ஆரம்பித்தார்கள் என்று ஃபெர்குசன் பலமுறை சொல்லியிருக்கிறார். கூடுதல் பயிற்சி கட்டாயம் என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தால் முணுமுணுப்புதான் மிஞ்சியிருக்கும். 1993 இல் 26 ஆண்டுகளுக்குப் பிறகு லீக் பட்டம் வந்தது.

1997 இல் கான்டோனா விலக, ராய் கீன் கேப்டன் ஆனார். பந்தைத் தப்பாகத் தட்டினால் பயிற்சியிலேயே சீறுவார். ஃபெர்குசன் வாய் திறக்க வேண்டிய வேலையில் பாதியை அவரே செய்துவிட்டார். ஆனால் 2005 அக்டோபரில் மிடில்ஸ்பரோவிடம் 4-1 என்று தோற்ற பிறகு கிளப்பின் சொந்தத் தொலைக்காட்சியில் சக ஆட்டக்காரர்களைப் பெயர் சொல்லி விளாசினார். அந்தப் பேட்டி ஒளிபரப்பாகவே இல்லை. நவம்பரில் கீன் கிளப்பில் இல்லை. மூத்த ஆட்டக்காரரின் கையில் கொடுத்த சாட்டையைத் திரும்ப வாங்கும் வலிமையும் பயிற்சியாளருக்கு இருந்தால்தான் இந்த ஏற்பாடு நடக்கும். ஃபெர்குசனுக்கு இருந்தது. 2003 பிப்ரவரியில் ஆர்சனலிடம் தோற்ற பிறகு அவர் எட்டி உதைத்த காலணி பெக்கமின் புருவத்தைக் கிழித்தது. அந்தக் கோடையிலேயே பெக்கம் ரியல் மாட்ரிட்டுக்கு விற்கப்பட்டார். காலணியை உதைத்த விதம் எனக்கு உவப்பானது இல்லை. ஒரு பிசியோவாக, தையல் போடுபவர்களின் பக்கத்தில் நிற்பவன் நான். ஆனால் உலகின் மிகப் புகழ்பெற்ற ஆட்டக்காரரா, பயிற்சியாளரா என்ற நிலை வந்தபோது கிளப் யார் பக்கம் நின்றது என்பதை அந்த அறையில் இருந்த ஒவ்வொருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அதே கோடையில் பெக்கம் போய்ச் சேர்ந்த இடத்தில் நேர்மாறான காட்சி. 2003 ஜூன் 22 அன்று ரியல் மாட்ரிட் லீக் பட்டம் வென்றது. மறுநாளே பயிற்சியாளர் விசென்டே டெல் போஸ்கேயின் ஒப்பந்தம் நீட்டிக்கப்படாது என்று தலைவர் ஃப்ளோரென்டினோ பெரெஸின் நிர்வாகம் அறிவித்தது. கேப்டன் பெர்னாண்டோ ஹியேரோவும் வெளியேறினார். நடுக்களத்தில் மற்றவர்களுக்காக ஓடி ஓடி உழைத்த க்ளோட் மக்கெலேலே, சக நட்சத்திரங்களின் சம்பளத்தோடு ஒப்பிட்டுத் தனக்கும் உயர்வு கேட்டார். மறுக்கப்பட்டு, லண்டனின் செல்சி கிளப்புக்குப் போனார். அடுத்த சீசனில் கடைசி ஐந்து லீக் ஆட்டங்களிலும் தோற்று நான்காம் இடம். 2007 வரை லீக் பட்டம் வரவில்லை. முதலாளிகள் உடைமாற்றும் அறைக்குள் அடிக்கடி வருவதில்லை. அவர்களுடைய பேச்சு சம்பளப் பட்டியல் வழியாக உள்ளே வருகிறது. எந்த உழைப்புக்கு இந்த கிளப்பில் விலை உண்டு, எதற்கு இல்லை என்பதை மக்கெலேலேயின் விஷயத்தில் ஒரே மறுப்பில் சொல்லிவிட்டார்கள். எந்தப் பயிற்சியாளரின் உரையும் அதை அழிக்க முடியாது.

முதலாளி பயிற்சியாளர்களை மாற்றிக்கொண்டே இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு செல்சி இருக்கிறது. கேள்வி கேட்டவரின் அணிக்கு மிக நெருக்கமான உதாரணமும் இதுதான். 2007 செப்டம்பரில் பயிற்சியாளர் மொரின்யோ போனார். பிறகு கிராண்ட், ஸ்கொலாரி, இடைக்காலமாக ஹிட்டிங்க், அன்செலோட்டி, விலாஸ் போவாஸ். 2012 மார்ச்சில் அவரும் போக, துணைப் பயிற்சியாளராக இருந்த டி மத்தேயோ பொறுப்பேற்று, மே மாதம் மியூனிக்கில் ஐரோப்பிய கிளப்புகளுக்கான சாம்பியன்ஸ் லீகையே வென்றார். இவ்வளவுக்கும் நடுவில் ஆட்டக்காரர்கள் ஜான் டெர்ரி, ஃபிராங்க் லம்பார்ட், திதியே ட்ரோக்பா, பீட்டர் செக் நால்வரும் அங்கேயே இருந்தார்கள். கலாச்சாரம் என்று அங்கே ஒன்று இருந்ததென்றால் அது அந்த நால்வரிடம்தான் இருந்தது. பயிற்சியாளர்கள் வாடகைக்கு வந்து போனார்கள். அது கோப்பைகளையும் கொடுத்தது என்பதால் இதை நோய் என்று சொல்லவும் தயக்கமாக இருக்கிறது. இதே லம்பார்ட் 2019 இல் அங்கே பயிற்சியாளராக வந்தபோது அவர் போட்ட அபராதப் பட்டியல் வெளியே கசிந்தது. பயிற்சிக்குத் தாமதமாக வந்தால் 20,000 பவுண்டு. அணிக் கூட்டத்துக்கு ஒவ்வொரு நிமிடத் தாமதத்துக்கும் 500 பவுண்டு. சாப்பாட்டு நேரத்தில் தொலைபேசி ஒலித்தால் 1,000. பத்திரிகைகள் ஒழுக்கம் திரும்பியது என்று எழுதின. அவர் ஆட்டக்காரராக இருந்த காலத்தில் அந்த நால்வரின் பார்வையே செய்துகொண்டிருந்த வேலைக்கு இப்போது கட்டணம் அச்சிட வேண்டியிருந்தது என்றுதான் நான் படித்தேன். 2021 ஜனவரியில் அவரும் போய்விட்டார்.

மூத்த ஆட்டக்காரர்களைப் பற்றி இவ்வளவு நல்லதாகச் சொல்லிவிட்டு இன்னொரு பக்கத்தைச் சொல்லாமல் விட்டால் அது மோசடி. இதற்கு அமெரிக்காவின் கால்பந்துக்குப் போக வேண்டும். தலைக்கவசம் போட்டு முட்டிக்கொண்டு ஆடும் வேறு ஆட்டம்தான், ஆனால் அறை அறைதான். 2013 அக்டோபர் 28 அன்று மயாமி டால்ஃபின்ஸ் அணியின் சாப்பாட்டுக்கூடத்தில் இரண்டாம் ஆண்டு ஆட்டக்காரரான ஜோனதன் மார்ட்டின் தட்டோடு வந்து உட்கார்ந்ததும், மேசையில் இருந்த சக ஆட்டக்காரர்கள் ஏற்கெனவே பேசிவைத்தபடி ஒட்டுமொத்தமாக எழுந்து போனார்கள். அவர் எழுந்து கிளப்பை விட்டே போய்விட்டார். லீக் அமர்த்திய வழக்கறிஞர் டெட் வெல்ஸ் 2014 பிப்ரவரியில் 144 பக்க அறிக்கை கொடுத்தார். மார்ட்டினின் இனத்தையும் தாயையும் சகோதரியையும் வைத்து மாதக்கணக்கில் நடந்த வசைகள் அதில் இருந்தன. முன்னின்று நடத்திய ரிச்சி இன்காக்னிட்டோ யார் தெரியுமா? அணியின் ஆறு பேர் கொண்ட தலைமைக் குழுவில் ஒருவர். மார்ட்டினும் அவரும் சேர்ந்து ஆடிய பிரிவின் ஆட்டக்காரர்கள் தங்களுக்குள் வைத்திருந்த அபராத நோட்டுப் புத்தகத்தில், மார்ட்டினை உடையவைத்ததற்காகத் தனக்குத்தானே 200 டாலர் வெகுமதி எழுதிக்கொண்டவர். விசாரணை வந்ததும் அந்த நோட்டை அழித்துவிடச் சொல்லி இன்னொருவருக்குச் செய்தி அனுப்பினார். அழியவில்லை, அறிக்கையில் வந்துவிட்டது.

அந்த அறிக்கையில் என்னை நிறுத்திய பகுதி வேறு. வசைக்கு ஆளானவர்களில் ஜப்பானில் பிறந்த ஓர் உதவிச் சிகிச்சையாளரும் இருந்தார். மூத்த ஆட்டக்காரர்களின் மேசைக்குப் பக்கத்தில் நின்று அவர்களுடைய கணுக்காலுக்கு டேப் சுற்றும் ஆள், அதாவது என் வேலையைச் செய்பவர். அந்தப் பிரிவின் பயிற்சியாளர் ஜிம் டர்னருக்கு நடப்பதில் ஒரு பகுதி தெரிந்தே இருந்தது. சில கேலிகளில் அவரும் சேர்ந்துகொண்டார். அவரும் தலைமைச் சிகிச்சையாளரும் வேலையிழந்தார்கள். தலைமைப் பயிற்சியாளர் ஜோ ஃபில்பினுக்கு இது தெரியாது என்று அறிக்கை சொல்கிறது. நான் நம்புகிறேன். முதல் கிளப்பில் பையன்கள் மூலையில் டேப் சுற்றிக்கொண்டதும் பயிற்சியாளருக்குத் தெரியாதே. ஆனால் தெரியாமல் இருந்தது தற்செயல் இல்லை. இன்காக்னிட்டோவின் பழைய நடத்தை ஊரறிந்தது. அவரைத் தலைமைக் குழுவில் ஏற்றுக்கொண்ட பிறகு, அந்த அறையை யாரிடம் ஒப்படைத்தோம் என்று கேட்காமல் விட்டதும் ஒரு முடிவுதான்.

இதுவரை சொன்னதில் எனக்கு உறுதி உண்டு. இனி வருவதில் அவ்வளவு இல்லை. நல்ல கலாச்சாரம் இருந்தால் வெற்றி வரும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். வெற்றி வந்த அணியின் பழக்கங்களுக்குத்தான் நாம் பிறகு கலாச்சாரம் என்று பெயர் வைக்கிறோமோ என்ற ஐயம் என்னை விட்டுப் போகவில்லை. ஆடம்ஸும் கூட்டாளிகளும் குடித்துக்கொண்டிருந்த அதே ஆர்சனல் 1989 இலும் 1991 இலும் லீக் வென்றது. 1991 சீசனின் நடுவில் கேப்டன் சிறையில் இருந்தார்! 1988 இல் லிவர்பூலை 1-0 என்று வீழ்த்தி எஃப்.ஏ. கோப்பை வென்ற விம்பிள்டன் அணியைப் பைத்தியக்காரக் கும்பல் என்று செல்லமாக அழைத்தார்கள். புதிதாக வந்தவனின் உடையைக் கொளுத்துவது அங்கே வரவேற்பு முறை. கோப்பை வந்ததால் அது தோழமை என்று பெயர் பெற்றது. பல ஆண்டுகள் கழித்து அங்கே ஆடியவர்களில் சிலர் அதைக் கொடுமை என்றே சொன்னார்கள். தோற்றிருந்தால் முதல் நாளே அப்படித்தான் சொல்லியிருப்போம்.

அறையில் எல்லோரும் நண்பர்களாக இருக்க வேண்டும் என்பதையும் நான் நம்புவதில்லை. 1999 இல் மூன்று பட்டங்கள் வென்ற மான்செஸ்டர் யுனைடெட்டில் முன்களத்தில் ஆடிய ஆன்டி கோலும் டெடி ஷெரிங்கமும் ஒருவரோடொருவர் பேசமாட்டார்கள். 1995 இல் உருகுவேக்கு எதிராக ஆன்டி கோல் இங்கிலாந்துக்கு முதன்முறையாக ஆடியபோது, மாற்று ஆட்டக்காரராக உள்ளே போன அவருக்கு வெளியே வந்த ஷெரிங்கம் கைகொடுக்கவில்லை; அங்கே தொடங்கிய பகை. பேசாமலேயே பந்து கொடுத்து வாங்கினார்கள். எதிர்ப்பக்கத்தில், 2010 உலகக் கோப்பையில் பிரான்ஸ் அணியின் ஒற்றுமையைப் பாருங்கள். பயிற்சியாளர் டொமெனெக்கை இடைவேளையில் திட்டியதற்காக அனெல்கா வீட்டுக்கு அனுப்பப்பட்டதும், அத்தனை பேரும் ஒன்றாகச் சேர்ந்து தென்னாப்பிரிக்காவின் நைஸ்னாவில் பயிற்சி செய்ய மறுத்து பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துகொண்டார்கள். அவர்களுடைய அறிக்கையைப் பத்திரிகையாளர்களுக்கு வாசித்துக் காட்டியவரே டொமெனெக்தான். ஒரே ஒரு புள்ளியோடு பிரிவின் கடைசி இடத்தில் ஊர் திரும்பினார்கள். ஒற்றுமைக்குக் குறைவே இல்லை.

நம் ஊர் கிளப்புகளில் இன்னொரு சிக்கல் உண்டு. ஐரோப்பிய உதாரணங்களை அப்படியே பொருத்திப் பார்ப்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை. மணிப்பூர், மிசோரம், கேரளம், வங்காளம், கோவா, பஞ்சாப், அதற்கு மேல் வெளிநாட்டவர் என்று ஓர் அறையில் ஏழெட்டு மொழிகள். சாப்பாட்டு மேசைகள் மொழிவாரியாகப் பிரிந்துவிடும். இங்கே ஒரு மூத்தவர் போதாது. ஒவ்வொரு மேசைக்கும் ஒருவர் வேண்டும், அவர்கள் தங்களுக்குள் ஒத்துப்போகவும் வேண்டும். 2014 இல் இந்தியன் சூப்பர் லீக் தொடங்கியபோது முழு சீசனே அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் முடிந்தது. யார் பேச்சை யார் கேட்பது என்று தெளிவாவதற்குள் எல்லோரும் பெட்டி கட்டினார்கள். பிற்பாடு வந்த ஆண்டுகளில் சீசன் நீண்டது, ஆனால் ஒப்பந்தங்கள் குறுகியவையாகவே இருந்தன. நான் பார்த்த வரையில் இங்கே அறையின் நினைவைச் சுமப்பவர்கள் பல நேரம் ஆட்டக்காரர்களே இல்லை. சட்டை துவைத்து மடித்து வைக்கும் உடைப் பொறுப்பாளரும் சமையல்காரரும்தான் பத்துப் பதினைந்து ஆண்டு அங்கேயே இருப்பவர்கள். புதிதாக வரும் வெளிநாட்டு நட்சத்திரம் அழுக்குச் சட்டையைத் தரையில் வீசுகிறாரா, கூடையில் போடுகிறாரா என்பதை அவர்கள் முதல் நாளே கவனித்துவிடுவார்கள். மூத்த இந்திய ஆட்டக்காரர் ஒருவர் குனிந்து அதை எடுத்துக் கூடையில் போட்டால், மறுநாள் நட்சத்திரமும் போடுவார். யாரும் எடுக்கவில்லை என்றால் ஒரு மாதத்தில் பதினெட்டு வயதுப் பையனும் வீசுவான்.

துணைக்கேள்விக்கு வருகிறேன். கேப்டனை மாற்றினால் போதுமா? கேப்டனின் கைப்பட்டையை ஒரு கையிலிருந்து கழற்றி இன்னொரு கையில் மாட்டுவதால் மட்டும் எதுவும் ஆகாது. அறையில் சொல் செல்லும் ஆள் பட்டை இல்லாமலேயே இருந்துகொண்டிருப்பார், புதிய கேப்டனும் அவர் முகத்தைப் பார்ப்பார். மாற்றம் பலித்த அண்மைக்கால உதாரணம் மறுபடியும் ஆர்சனல்தான். மிக்கேல் அர்டேட்டா 2019 டிசம்பரில் வந்தார். அந்த சீசனில் எட்டாம் இடம், அடுத்த சீசனிலும் எட்டாம் இடம். 2021 டிசம்பரில் ஒழுங்கு மீறலுக்காக, கிளப்பின் மிக விலையுயர்ந்த ஆட்டக்காரர்களில் ஒருவரான ஓபமேயாங்கிடமிருந்து கேப்டன் பதவியைப் பறித்தார். அத்தோடு நிற்கவில்லை, இரண்டே மாதத்தில் ஓபமேயாங் பார்சிலோனாவுக்குப் போய்விட்டார். 2022 கோடையில் மார்ட்டின் ஓடகார்ட் கேப்டன் ஆனார், அடுத்த சீசனில் இரண்டாம் இடம். பட்டையைப் பறித்தது எல்லோருக்கும் தெரிந்த செய்தி. என் கண்ணில் பெரிதாகப் படுவது, தொடர்ந்து இரண்டு முறை எட்டாம் இடத்தில் முடித்தவரை முதலாளிகள் வைத்துக்கொண்டதும், ஒப்பந்தம் மீதமிருந்த நட்சத்திரத்தை விட்டுக்கொடுக்கச் சம்மதித்ததும்தான்.

கேள்வி கேட்டவரின் அணியில் மூன்று ஆண்டில் நான்கு பேர் என்றால் ஆளுக்குச் சராசரியாக ஒன்பது மாதம். அந்த நான்கு பேரின் பெயரை விட்டுவிட்டு, நால்வரின் காலத்திலும் அணியில் தொடர்ந்து இருந்த ஆட்டக்காரர்கள் யார் என்று ஒரு பட்டியல் எழுதிப் பாருங்கள். அவர்களில் யாரையாவது விற்க வேண்டும் என்று எந்தப் பயிற்சியாளராவது கேட்டாரா, கேட்டபோது கிளப் என்ன செய்தது என்று பழைய செய்திகளில் தேடுங்கள். ஆட்டத்துக்குப் போகும்போது, மோசமாக ஆடி வெளியே அழைக்கப்படும் பையன் வந்து உட்கார்ந்ததும் பக்கத்தில் நகர்ந்து வருபவர் யார், தண்ணீர் பாட்டிலைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் யார் என்று கவனியுங்கள். தொலைக்காட்சி இதைக் காட்டாது. மாற்று ஆட்டக்காரர்களின் இருக்கைக்குப் பின்னால் டிக்கெட் எடுத்தால் தெரியும்.